ஓப்பன்-ஐஎஸ்என்எஸ்: சர்வர் சமத்து, கட்டளைதான் முசுடு

வேலைக்கு நடுவில் படிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கில் எந்தச் சேமிப்பகப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கணினிகளுக்குச் சொல்லும் ஓப்பன்-ஐஎஸ்என்எஸ் சர்வரை ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், உங்களைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அதை நிர்வகிக்கக் கொடுத்திருக்கும் ஐஎஸ்என்எஸ்அட்ம் என்ற கட்டளை, நெறிமுறை ஆவணத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளாத ஆளோடு பேசவே மறுக்கிறது. ஐந்துக்கு மூன்று போடுகிறேன். குறைந்த இரண்டும் சர்வருக்கு அல்ல, அந்தக் கட்டளைக்கு.

இது யாருக்கு வேண்டும்? நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் ஐஸ்கஸி டார்கெட்டுகள் உங்களிடம் இரண்டோ மூன்றோ இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். செண்ட்டார்கெட்ஸ் முறையே போதும்: இனிஷியேட்டருக்கு, அதாவது அந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் கணினிக்கு, ஒரு ஐபி முகவரியைக் கொடுக்கிறீர்கள், அது அந்தப் பெட்டியிடம் போய் உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். பெட்டிகளும் அவற்றைப் பயன்படுத்தும் கணினிகளும் பெருகும்போதுதான் தலைவலி. ஒவ்வொரு இனிஷியேட்டருக்கும் ஒவ்வொரு பெட்டியின் முகவரியையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒரு பெட்டி இடம் மாறினால் எல்லா இடத்திலும் போய்த் திருத்த வேண்டும். இதற்காகத்தான் ஐஎஸ்என்எஸ். டார்கெட், இனிஷியேட்டர் எல்லாமே ஒரே சர்வரில் வந்து பதிவு செய்துகொள்ளும், யார் எங்கே இருக்கிறார் என்பதை அந்தச் சர்வரிடம் கேட்டால் போதும். 2005இல் ஆர்எஃப்சி 4171 என்ற இணையத் தர ஆவணமாக வந்த நெறிமுறை, டிசிபி போர்ட் 3205. ஃபைபர் சேனலை ஐபியில் ஓட்டும் ஐஎஃப்சிபிக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் இன்று அதைத் தேடி இங்கே வருபவர் யாரும் இருப்பார்கள் என்று தோன்றவில்லை.

நிறுவுவதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓப்பன்-ஐஸ்கஸி குடும்பத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள், பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் பொதியாகவே கிடைக்கிறது. மூன்று நிரல்கள் வரும். ஐஎஸ்என்எஸ்டி என்பது சர்வர். ஐஎஸ்என்எஸ்அட்ம் நிர்வாகக் கட்டளை. ஐஎஸ்என்எஸ்டிடி என்று கடைசியில் இன்னொரு டி சேர்ந்து வருவது கிளையன்ட் பக்கத்தில் ஓடும் டீமன், அதாவது பின்னணியிலேயே ஓடும் நிரல். இப்படிப் பெயர் வைத்தவரை என்ன செய்யலாம் என்று தெரியவில்லை, அவசரத்தில் லாக் பார்க்கும்போது எந்த டி என்று கண் தடுமாறும். ஒவ்வொன்றுக்கும் தனி கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு, மூன்றும் ஒரே கோப்புறையில்.

சர்வரின் கான்ஃபிக்கில் இரண்டு வரிகளை மட்டும் தொடங்குவதற்கு முன் கட்டாயம் பாருங்கள். ஒன்று டேட்டாபேஸ் என்ற வரி. அது காலியாக இருந்தால் சர்வர் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும், மறுதொடக்கம் செய்தால் நீங்கள் உட்கார்ந்து கட்டிய டிஸ்கவரி டொமைன் (யார் யாரைப் பார்க்கலாம் என்ற குழுக்கள்) எல்லாம் போச்சு. ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் அதில் கோப்புகளாக எழுதிக்கொள்ளும். இன்னொன்று சோர்ஸ்நேம், அதாவது இந்தக் கணினி தன்னை எந்தப் பெயரில் அடையாளம் காட்டிக்கொள்ளும் என்பது. கிளையன்ட் பக்கத்தில் இது முக்கியம், ஏன் என்று கொஞ்சம் கீழே வருகிறது.

கட்டளைக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை, இணையத்தில் தேடுபவர்களுக்கு. ஐஎஸ்என்எஸ்அட்ம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் இருக்கின்றன. ஒன்று இந்த லினக்ஸ் கருவி, மற்றது சோலாரிஸ் இயக்குதளத்தில் வரும் கருவி. இரண்டுக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. சோலாரிஸ் கையேட்டைப் பார்த்து 'கிரியேட்-டிடி' என்று லினக்ஸில் அடித்தால் அது உங்களை முறைத்துப் பார்க்கும். கிடைக்கும் உதாரணங்களில் சொற்களுக்கு முன்னால் இரட்டைக் கோடு இருந்தால் லினக்ஸ், கட்டளைக்குப் பிறகு நேரடியாக வினைச்சொல் வந்தால் சோலாரிஸ். இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

லினக்ஸ் கருவியில் பட்டியல் பார்ப்பது சுலபம். '--லிஸ்ட்' போட்டு நோட்ஸ் (பதிவான டார்கெட், இனிஷியேட்டர்கள்) என்றோ போர்ட்டல்ஸ் (அவற்றின் ஐபி முகவரியும் போர்ட்டும்) என்றோ டிடிஎஸ் (டிஸ்கவரி டொமைன்கள்) என்றோ சொன்னால் வந்து விழும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடமும் இருக்கிறது. சர்வரில் இருபது நோட்கள் பதிவாகியிருக்கும், லிஸ்ட் அடித்தால் ஒன்றுமே வராது, பிழைச் செய்தியும் வராது, வெறும் காலி. சர்வர் கெட்டுப்போகவில்லை. கேட்பவர் யார் என்று பார்த்து, அவருக்குத் தெரியலாம் என்று உள்ளதை மட்டும் காட்டுவது இந்த நெறிமுறையின் அடிப்படை விதி. நீங்கள் ஒரு சாதாரண இனிஷியேட்டரின் பெயரில் கேட்கிறீர்கள் (சோர்ஸ்நேம் என்றேனே, அதுதான்), அந்த இனிஷியேட்டர் எந்த டொமைனிலும் இல்லை, ஆகவே பதில் காலி. எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் '--கன்ட்ரோல்' சேர்த்துக் கட்டுப்பாட்டு நோடாகக் கேட்க வேண்டும், அல்லது சர்வர் ஓடும் அதே கணினியில் உட்கார்ந்து '--லோக்கல்' போட்டு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேச வேண்டும். இந்த நடத்தை சரியானதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் "உங்களுக்குப் பார்க்க அனுமதி இல்லாதவை மறைக்கப்பட்டிருக்கலாம்" என்று ஒரு வரி அச்சிடக்கூடவா முடியாது? அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பேர் சர்வரை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருப்பார்களோ.

அடுத்து டிஸ்கவரி டொமைன். ஐஎஸ்என்எஸ் வைத்துக்கொள்வதற்கே முக்கியக் காரணம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்த இனிஷியேட்டர் எந்த டார்கெட்டைப் பார்க்கலாம் என்று குழுக்களாகப் பிரித்து வைப்பது. ஒரே டொமைனில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், வெளியே இருப்பவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். ஒரு நோட் பல டொமைன்களில் இருக்கலாம். இன்னும் பதிவே செய்யாத நோடைக்கூட முன்கூட்டியே பெயரைச் சொல்லிச் சேர்த்து வைக்கலாம், அது வந்து பதிவு செய்த உடனே அதன் இடம் தயாராக இருக்கும். புதிய சர்வர்களை மொத்தமாக ஏற்றுகிற நாட்களில் இது பெரிய வசதி, இயந்திரம் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் எழுதி முடித்துவிடலாம். நெறிமுறையில் இது எல்லாமே அழகாக யோசிக்கப்பட்டிருக்கிறது.

லினக்ஸ் கருவியில் இதைச் செய்ய '--டிடி-ரெஜிஸ்டர்' என்று ஒன்று இருக்கிறது. பெயர் கொடுத்து, உறுப்பினர்களைக் கொடுத்தால் டொமைன் உருவாகிவிடும். சரி, அடுத்த வாரம் அதே டொமைனில் இன்னொரு டார்கெட்டைச் சேர்க்க வேண்டும். அதே பெயரைச் சொல்லிச் சேர்க்கலாம் என்றுதானே நினைப்பீர்கள்? முடியாது. டொமைனின் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். பெயர் செல்லாது என்று கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது முதலில் லிஸ்ட் அடித்து, "பேக்கப்" என்ற டொமைனின் எண் என்ன என்று கண்ணால் தேடிக் குறித்துக்கொண்டு, அப்புறம் அந்த எண்ணோடு கட்டளை அடிக்க வேண்டும். நெறிமுறையில் எண்தான் சாவி என்பது உண்மை. ஆனால் பெயரை எண்ணாக மாற்றிக்கொள்வது நிரல் செய்யவேண்டிய வேலை, மனிதன் செய்யவேண்டியது அல்ல. மனிதன் எண்ணைத் தப்பாக அடிப்பான், தப்பாக அடித்தால் வேறு யாரோ ஒருவருடைய டொமைனில் உங்கள் டார்கெட் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீக்குவது இதைவிட ஆபத்து. '--டிடி-டிரெஜிஸ்டர்' கட்டளையில் எண்ணைக் கொடுத்து உறுப்பினர்களையும் கொடுத்தால் அந்த உறுப்பினர்கள் மட்டும் வெளியே போவார்கள். உறுப்பினரைக் கொடுக்க மறந்துவிட்டு எண்ணை மட்டும் கொடுத்து என்டர் தட்டினால் டொமைனே போய்விடும். இதற்கும் நெறிமுறையைத்தான் காரணம் காட்டுவார்கள், அங்கே அந்தச் செய்தியின் பொருள் அப்படித்தான். ஸ்கிரிப்ட்டில் உறுப்பினர் பெயருக்கு ஒரு மாறி வைத்திருக்கிறீர்கள், ஏதோ காரணத்தால் அது காலியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் மாறி காலியா என்று பார்க்கும் ஒரு வரியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

சோலாரிஸ் கருவியைப் பார்த்தால்தான் இந்தக் கோபம் இன்னும் ஏறுகிறது. அங்கே டொமைன் உருவாக்க ஒரு வினைச்சொல், நோட் சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று, பெயர் மாற்ற ஒன்று, எல்லாமே பெயரை வைத்துத்தான். டொமைனை அழிப்பதும் அதிலிருந்து ஒரு நோடை எடுப்பதும் தனித்தனிக் கட்டளைகள், ஆகவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நடக்க வாய்ப்பே இல்லை. 'ஷோ-கான்ஃபிக்' என்று அடித்தால் தரவு எந்தக் கோப்பில் இருக்கிறது, எத்தனை முறை பதில் வராவிட்டால் நோட் செத்துப்போனதாகக் கொள்ளும் என்பதெல்லாம் நான்கே வரியில் வந்துவிடும். தரவும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. இதை எழுதியவர் ஒரு நிர்வாகி இரவு நேரத்தில் உட்கார்ந்து அடிப்பார் என்று நினைத்து எழுதியிருக்கிறார், அது தெரிகிறது.

அதிலும் ஒரு கண்ணி உண்டு, நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். டொமைன்களின் மேலே டொமைன் செட் என்று இன்னொரு அடுக்கு இருக்கிறது, செட்டை இயக்கினால்தான் உள்ளே இருக்கும் டொமைன்கள் வேலை செய்யும். டொமைன் உருவாக்கினேன், நோட் சேர்த்தேன், ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 'எனேபிள்-டிடி-செட்' அடிக்காதவர்கள். டிஃபால்ட் என்ற பெயரில் தானாக இருக்கும் செட்டுக்கும் இதே கதைதான், அதையும் நீங்கள்தான் இயக்க வேண்டும். லினக்ஸ் பக்கத்தில் இதற்கு நிகரானது கான்ஃபிக்கில் இருக்கும் டிஃபால்ட் டிஸ்கவரி டொமைன் என்ற வரி: எந்த டொமைனிலும் சேராத நோட்கள் ஒன்றையொன்று பார்க்கலாமா கூடாதா என்பதை அது முடிவு செய்யும். சோதனைக்கு இயக்கி வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான வேலைக்கு வரும்போது அணைத்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்களை நிறையப் பார்க்கிறேன். டிஸ்கவரி டொமைன் என்பது அணுகல் கட்டுப்பாடு அல்ல. கதவு எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பது வேறு, கதவைப் பூட்டுவது வேறு. ஒரு இனிஷியேட்டருக்கு டார்கெட்டின் பெயரும் முகவரியும் வேறு வழியில் தெரிந்துவிட்டால் அது நேராக டார்கெட்டின் போர்ட் 3260க்குப் போய்க் கதவைத் தட்டும், அதைத் தடுக்க ஐஎஸ்என்எஸ் சர்வர் அந்தப் பாதையிலேயே இல்லை. டார்கெட் பக்கத்தில் ஏசிஎல் (யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல்), சாப் (இணையும்போது அடையாளம் சரிபார்க்கும் முறை) கடவுச்சொல் இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும். ஐஎஸ்என்எஸ் வந்துவிட்டது என்று அவற்றைத் தளர்த்தினால் அது உங்கள் பொறுப்பு.

சர்வருக்கே உள்ள பாதுகாப்பு டிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையொப்பச் சாவிகளை வைத்து நடப்பது. சர்வருக்கு ஒரு சாவி, ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு சாவி, '--என்ரோல்' என்ற கட்டளையால் யார் எந்தப் பெயரில் என்ன வகை நோடாகப் பதிவு செய்யலாம் என்று கொள்கை எழுதி வைக்கலாம். கருத்து நல்லது. நடைமுறையில், நீங்கள் இணைக்க நினைக்கும் சேமிப்பகப் பெட்டி இந்தக் கையொப்ப முறையைப் பேசுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பேசாது என்றால் கான்ஃபிக்கில் செக்யூரிட்டி வரியை அணைப்பதைத் தவிர வழியில்லை. அணைக்கிறீர்கள் என்றால் 3205 போர்ட்டைச் சேமிப்பகத்துக்கென்று பிரித்த விலானுக்குள்ளேயே (தனி நெட்வொர்க் பகுதி) அடைத்து வையுங்கள். இந்தக் கையொப்பம் செய்தியை மறைப்பதும் இல்லை, யார் அனுப்பியது என்று உறுதிப்படுத்த மட்டுமே. மறைக்க வேண்டுமென்றால் ஐபிசெக் என்ற நெட்வொர்க் குறியாக்கம் போட வேண்டும்.

இப்போது புகழ வேண்டிய பகுதி. நோட் உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் அவ்வப்போது விசாரிக்கும், இதற்கு இஎஸ்ஐ என்று பெயர். தொடர்ந்து பதில் வராவிட்டால் பதிவை நீக்கிவிடும். ஏதாவது மாறினால், அதாவது புது டார்கெட் வந்தாலோ பழையது போனாலோ, கேட்டு வைத்திருக்கும் நோட்களுக்கு எஸ்சிஎன் என்ற அறிவிப்பை அனுப்பும். ஓப்பன்-ஐஎஸ்என்எஸ் இந்த இரண்டையும் சத்தமில்லாமல் ஒழுங்காகச் செய்கிறது. டார்கெட் ஒன்றைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், பொறுமையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் நீக்குகிறது, அவசரப்படுவதில்லை. இடைவெளியையும் முயற்சிகளையும் கான்ஃபிக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்யும்போது கிளையன்ட்தான் சர்வரிடம் போகிறது, விசாரிக்கும்போது சர்வர்தான் கிளையன்டிடம் வருகிறது, அதுவும் கிளையன்ட் தானே அறிவித்த ஒரு போர்ட்டுக்கு. கிளையன்டின் ஃபயர்வால் உள்ளே வருவதை எல்லாம் தடுத்தால், பதிவு அருமையாக நடக்கும், லிஸ்டில் பெயர் வரும், எல்லோரும் மகிழ்ச்சியாகக் காபி குடிக்கப் போவார்கள், கொஞ்ச நேரத்தில் பெயர் காணாமல் போயிருக்கும். மறுபடி பதிவு செய்தால் மறுபடி வரும், மறுபடி போகும். இந்த மாதிரி வந்து வந்து போகும் நோடைக் கண்டால் முதலில் இந்தத் திசையில் தேடுங்கள். சர்வரை முன்புலத்தில் ஓடவிட்டு டீபக் (பிழை தேடும்) வசதியில் இஎஸ்ஐ பகுதியை மட்டும் இயக்கிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும். டீபக் செய்திகளை சாக்கெட், அங்கீகாரம், இஎஸ்ஐ, எஸ்சிஎன் என்று பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பது இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இவ்வளவு நல்ல டீபக் எழுதியவர்களுக்கு ஒரு நல்ல கட்டளை எழுத மனம் வரவில்லையே என்பதுதான் ஆதங்கம். சர்வரை '--டம்ப்-டிபி' என்று அழைத்தால் டிஸ்கில் இருக்கும் தரவு முழுவதையும் படிக்கும்படி கொட்டிவிடும், அதையும் தினசரி ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், எதுவும் போனால் எதை மறுபடி கட்ட வேண்டும் என்றாவது தெரியும்.

இந்த ஒரே சர்வர் விழுந்தால் எல்லாம் விழுமா என்று கேட்பார்கள். விழாது. ஐஸ்கஸி இணைப்பு இனிஷியேட்டருக்கும் டார்கெட்டுக்கும் நேரடியாக நடப்பது, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புக்கு ஐஎஸ்என்எஸ் இருப்பதே தெரியாது. லினக்ஸ் இனிஷியேட்டர் கண்டுபிடித்த டார்கெட்டுகளை உள்ளூரிலேயே பதிந்து வைத்துக்கொள்வதால் மறுதொடக்கம்கூட பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடக்கும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

கிளையன்ட் பக்கம் கலவையான அனுபவம். லினக்ஸ் இனிஷியேட்டரில் ஐஸ்கஸிஅட்ம் கட்டளைக்கு டிஸ்கவரி வகை ஐஎஸ்என்எஸ் என்றும் சர்வர் முகவரியையும் சொன்னால் போதும், ஆனால் அது ஒருமுறை கேட்டுவிட்டு நின்றுவிடும். மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமென்றால் டிஸ்கவரி டீமன் வசதியைத் தனியாக இயக்க வேண்டும், இயல்பாக அது அணைந்தே இருக்கும். லினக்ஸ் கெர்னலின் டார்கெட்டுக்கு ஐஎஸ்என்எஸ் பேசத் தெரியாது, டார்கெட்-ஐஎஸ்என்எஸ் என்று ஒரு சின்ன டீமனைப் பக்கத்தில் ஓடவிட வேண்டும், அதன் கான்ஃபிக் இரண்டு மூன்று வரிதான், பிரச்சினையில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளம் இதில் முந்திக்கொள்கிறது: டார்கெட் கான்ஃபிக்கில் சர்வர் முகவரியை ஒரு வரியில் எழுதினால் முடிந்தது. ட்ரூநாஸ் என்ற சேமிப்பக மென்பொருளில் அதுவும் வேண்டாம், இணையத் திரையிலேயே ஒரு பெட்டி இருக்கிறது.

விண்டோஸ் சர்வரில் ஐஎஸ்என்எஸ் சர்வரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இங்கே வர வேண்டியிருக்கலாம். விண்டோஸ் சர்வர் 2022இல் அந்தச் சேவையையே எடுத்துவிட்டார்கள், வெளியில் இருக்கும் ஐஎஸ்என்எஸ் சர்வரோடு இணைவது மட்டும் இன்னும் நடக்கும். மாற்றும்போது நோட்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முகவரியை மாற்றினால் அவை தாமாகவே வந்து பதிவு செய்துகொள்ளும். டொமைன்கள்தான் கையால் மறுபடி கட்ட வேண்டியவை. பழைய சர்வரில் ஐஎஸ்என்எஸ்சிஎல்ஐ கட்டளையால் பட்டியலை முழுவதுமாக எடுத்துக்கொண்டு, புதிய சர்வரில் டொமைன்களை முதலில் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த எண்ணைப் பெயரோடு ஒரு கோப்பில் குறித்து வைத்துவிட்டு, உறுப்பினர்களை அப்புறம் சேருங்கள். அந்தக் கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள், இந்தக் கருவியோடு இருக்கும் வரை அது தேவைப்படும்.